நடு ரேக்கின் ஈரம்

அக்டோபர் 22, புதன்

தீபாவளி லீவு முடிந்து இன்று டிரையரை மறுபடி மூட்டினோம். நான்கு நாள் ஆறிக் கிடந்த அறை. சூடு ஏறவே மத்தியானம் ஆகிவிட்டது.

கம்பெனி பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இந்த நோட்டு என்னுடையது. கம்பெனி பதிவேட்டில் பக்கம் கிழியும் என்று எனக்குத் தெரியும். கிழித்த கை எது என்றும் தெரியும். அதனால் இனி நடப்பதையெல்லாம் இதிலும் எழுதி, சாப்பாட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன்.

யார் கையிலாவது கிடைத்தால் விளங்கட்டும் என்று சொல்கிறேன். என் பெயர் அஞ்சலாட்சி. விருத்தாசலத்தில் கரண்டு கம்பத்துக்குப் பீங்கான் செய்கிற கம்பெனியில் டிரையர் பொறுப்பு பார்க்கிறேன். மூன்று வருஷம் முன்னால் இந்த வேலையில் இருந்தவர் என் வீட்டுக்காரர் காசிலிங்கம். அவர் இப்போது பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனி வாசலில் வாட்ச்மேன். அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தவன் சூப்பர்வைசர் மணவாளன். அவன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு மண் படாமல் நடந்துகொண்டிருக்கிறான்.

அவன் வேலை போக வேண்டும். எப்படி அவர் போனாரோ அப்படியே போக வேண்டும், எல்லாரும் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு. அதற்காகத்தான் மண் பிசைகிற இடத்திலிருந்து கேட்டு வாங்கி இந்த டிரையருக்கு வந்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வேலையில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. மணவாளனே சொல்லுவான்.

வெளியாள்கள், மண் காய்வதற்கு ஒரு டிரையரா, வெயிலில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். என் நாத்தனார்கூடக் கேட்டாள். வடகம் காயப்போடுகிற கணக்கில்லை இது. அச்சில் வந்த பச்சைப் பீஸில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். மேலே இருக்கிற தண்ணீர் காற்றில் போகப் போக, வயிற்றில் இருக்கிற தண்ணீர் மேலே வர வேண்டும். தண்ணீர் போகிற அளவுக்குப் பீஸ் சுருங்கும். மேல்பக்கம் அவசரமாகக் காய்ந்தால் அது மட்டும் சுருங்கி, சுருங்காத வயிற்றை இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் விரிசல்தான். ஆகையால் முதல் இரண்டு நாள் டேம்பரைச் சாத்தியே வைக்க வேண்டும். டேம்பர் என்பது ஈரக்காற்று வெளியே போகிற வழிக்குக் கதவு. அறையில் சூடும் இருக்கும், புழுக்கமும் இருக்கும். பீஸ் உள்வரைக்கும் சூடாகும், ஆனால் காயாது. கறுப்பாயிருந்த மண் வெளுத்த பிறகு சுருக்கம் நின்றுவிடும். அதற்குமேல் டேம்பரைத் தாராளமாகத் திறக்கலாம். ஆனால் கடைசியாக வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஈரம் பிடிவாதம் பிடிக்கும். முன்னால் போன தண்ணீர் அத்தனைக்கும் ஆன நேரம் அதற்கு மட்டும் ஆகும்.

இதெல்லாம் புத்தகத்தில் படித்ததில்லை. அவர் சோறு சாப்பிடும்போது சொன்னது. மூன்று வருஷமாக அவர் டிரையரைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அக்டோபர் 27, திங்கள்

பெரிய ஆர்டர். தொள்ளாயிரம் பீஸ். நவம்பர் 14 அன்று வாங்குகிறவர்கள் வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். முதலாளியம்மா கனகவல்லி எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். பக்கத்தில் மணவாளன். அவன் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷம் முன்னாலும் இதே மாதிரி அவசர ஆர்டர்தான். எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வந்ததை இங்கே எழுதினால் தப்பில்லை.

அன்றைக்கு நடந்தது இது. எனக்கு உடம்புக்கு முடியவில்லை. அவருக்குப் போன் போட்டேன். அவர் மணவாளனிடம் சொல்லிவிட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தார். ஆறு மணி வரைக்கும் டேம்பரில் கை வைக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தார். அவர் தெரு முனை திரும்பியதும் அவன் டேம்பரைத் திறந்துவிட்டான். சீக்கிரம் காய்ந்தால் இரண்டு நாள் மிச்சம் என்ற பேராசை. மறுநாள் பார்த்தால் அறுநூறு பீஸில் விரிசல். பதிவேட்டில் அவர் எழுதிய பக்கம் இல்லை. புதுப் பக்கத்தில் மணவாளன் கையெழுத்தில், 'காசிலிங்கம் சொல்லாமல் போய்விட்டார், டேம்பர் திறந்தே கிடந்தது' என்று இருந்தது.

அவர் மறுத்துப் பேசவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. ரேஷன் கடையில் பருப்பு இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

பீஸ்கள் அச்சிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. மழைக்காலத்தில் காற்றிலேயே தண்ணீர் இருக்கும்போது வெளியே வைத்தால் ஒன்றும் காயாது. காய்ந்த பீஸ்கூட மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மணவாளன் டிரையருக்கு வந்தான். நாலு நாளில் எடு என்று சொல்லுவான், சொன்னதும் இந்த நோட்டில் தேதி, மணி போட்டு எழுதி, சூளைக்காரர் சவரிமுத்துவைச் சாட்சி வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். சவரிமுத்து அண்ணன் நல்ல மனுஷர். கேட்டால் சாட்சி சொல்லுவார்.

மணவாளன் என்ன சொன்னான் தெரியுமா?

"முத ரெண்டு நாளு டேம்பர் பக்கமே போவாத அஞ்சலாட்சி. நானே வந்து தொறன்னாலும் தொறக்காத. ஆறு நாளு ஆனாலும் ஆவட்டும், அந்தம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

நடிப்பு. முதலாளியம்மா காதில் விழட்டும் என்று சொன்னது. அவர் அப்போது ஆபீஸில் இருந்தார் என்றாலும், யாராவது போய்ச் சொல்லுவார்கள் இல்லையா?

நவம்பர் 1, சனி

டிரையரில் ஏற்றிவிட்டோம். தொள்ளாயிரத்து நாற்பது. சாம்பிள் பீஸ் நடு ரேக்கில், வழக்கமான இடத்தில். அதைக் காலையும் மாலையும் தராசில் வைப்போம். இரண்டு எடையும் ஒன்றாக வந்தால் பீஸில் இனிப் போவதற்குத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். இன்று எடை நாலு கிலோ இருநூறு.

நவம்பர் 3, திங்கள்

அவன் டேம்பரைத் தொடவில்லை. மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் கதவுக்கு வெளியே நின்று வெப்பமானியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பொறியில் தேங்காய்த் துண்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், எலி மோந்துகூடப் பார்க்க மாட்டேன் என்கிறது. எரிச்சலாக வருகிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவர் பழைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் சட்டை. மார்பில் வேறொருவன் பெயர் தைத்த சட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைப் பிரித்து எடுக்கக்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். அவர் அதையும் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நவம்பர் 4, செவ்வாய்

பீஸ்கள் வெளுத்துவிட்டன. டேம்பரைப் பாதி திறந்தேன். சவரிமுத்து அண்ணன் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுப் பத்துப் பீஸில் தடவிப் பார்த்தார். விரிசல் இருந்தால் அந்த இடம் எண்ணெயைக் குடித்துக் கோடாகத் தெரியும். ஒன்றில்கூட இல்லை. இவ்வளவு சுத்தமான லாட் பார்த்ததே இல்லை என்று மணவாளனிடம் சொன்னார். மணவாளன், எல்லாம் அஞ்சலாட்சி கைராசி என்றான்.

அவன் வாயால் எனக்குப் பாராட்டு. வீட்டுக்குப் போனதும் குளித்தேன்.

நவம்பர் 5, புதன்

இன்று காலை எடை மூன்று கிலோ அறுநூற்று இருபது. இன்னும் இரண்டு நாள் ஆகும்.

எடை போட்டுவிட்டுத் திரும்ப வைக்கும்போது சாம்பிள் பீஸை நடு ரேக்கில் வைக்கவில்லை. இடம் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. சூடான காற்று வருகிற குழாய் வாய்ப் பக்கம் காலியாக இருந்தது, அங்கே வைத்தேன். அவ்வளவுதான்.

நவம்பர் 6, வியாழன்

காலை எடை மூன்று கிலோ நானூற்று எண்பது. மதியம் மறுபடி போட்டேன். அதே எடை. இரண்டையும் பதிவேட்டில் எழுதிவிட்டேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, தராசு காட்டியதைத்தான் எழுதினேன்.

மூன்று மணிக்கு மணவாளன் வந்தான். பதிவேட்டைப் பார்த்தான். ஒரு நாள் முன்னாலேயே ஆகிவிட்டதே என்றான். இந்தத் தடவை காற்று நன்றாக ஓடியது என்றேன். அவன் உள்ளே போய் நடு ரேக்கிலிருந்து ஒரு பீஸை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான்.

இங்கே தராசுக்கு மேலே ஒரு சோதனை உண்டு. பீஸைக் கொஞ்சம் ஆறவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். கை ஏமாறும், கன்னம் ஏமாறாது. எல்லாருக்கும் அது வராது. அவருக்கு வரும். எனக்கு வரும்.

கன்னத்தில் வைத்தேன்.

"காஞ்சிருச்சா?" என்றான்.

"காஞ்சிருச்சு சார்."

"நல்லாப் பாத்தியா? காயலன்னா சொல்லு, இன்னொரு நாளு வுட்டுடலாம். ஒண்ணும் குடி முழுவிடாது."

"காஞ்சிருச்சு சார். ஏத்தச் சொல்லுங்க."

அவன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். 'சூளைக்கு ஏற்றலாம், மணவாளன்.' கொழுத்த எழுத்து. யாரும் கிழிக்காமல் இருக்க அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

பத்து மணிக்குச் சூளையை மூட்டினார்கள். ஒரு மணிக்கு முதல் சத்தம் கேட்டது. ஒரு பட்டாசு மாதிரி. அப்புறம் ஒன்று. அப்புறம் வரிசையாக. வயிற்றில் இருக்கிற ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பீஸை உள்ளேயிருந்து பிளந்துகொண்டு வரும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருக்கிற நான்கையும் உடைக்கும். சவரிமுத்து அண்ணன் ஓடிப்போய் காஸை மூடினார். மூடிய பிறகும் அரை மணி நேரம் வெடித்துக்கொண்டே இருந்தது.

நான் டிரையர் வாசலில் நின்று எண்ணினேன். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். சந்தோஷத்தில்தான்.

மணவாளன் சூளைக் கதவைப் பார்த்தபடி நின்றான். அப்புறம் திரும்பி டிரையருக்குள் போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 8, சனி

விசாரணை. எல்லாவற்றையும் அப்படியே எழுதுகிறேன்.

சூளை ஆறித் திறந்ததில் இருநூறு பீஸ்கூடத் தேறவில்லை. ஆபீஸில் முதலாளியம்மா, மணவாளன், சவரிமுத்து அண்ணன், நான். முதலாளியம்மா முதலில் சவரிமுத்து அண்ணன் மேல்தான் பாய்ந்தார். சூட்டைக் கண்மண் தெரியாமல் ஏற்றிவிட்டாய், வயசாகிவிட்டது, வீட்டுக்குப் போ என்றார். அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். இருபத்தாறு வருஷம் சூளை பார்த்த மனுஷர். இது நான் நினைத்துப் பார்க்காதது. மணவாளன் கையெழுத்து இருக்கும்போது அண்ணன் பக்கம் எப்படிப் போகும் என்று இருந்துவிட்டேன். வாயைத் திறந்து, சார்தான் ஏற்றச் சொன்னார், கையெழுத்து இருக்கிறது என்று சொல்லப் போனேன். மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை.

மணவாளன் முந்திக்கொண்டான்.

"சூளை மேல தப்பில்லம்மா. பீஸ் காயல. சாம்பிள் பீஸ எடுத்துக் கொழா வாயில வெச்சது நான்தான். ஆர்டரு அவசரம்னு வெச்சேன். அந்தப் பொம்பள தராசு காட்டுனத எழுதிச்சு, அவ்வளவுதான்."

முதலாளியம்மா எதுவும் சொல்லுமுன்னே இன்னொன்றும் சொன்னான். "மூணு வருசம் முன்ன டேம்பரத் தொறந்ததும் நான்தான். காசிலிங்கம் எழுதி வெச்ச பக்கத்தக் கிழிச்சதும் நான்தான். இதுக்கு மேல என்னால இங்க நிக்க முடியாதும்மா."

சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

நான் கேட்டது நடந்துவிட்டது. எல்லார் முன்னாலும் நடந்தது. தலையைக் குனிந்துகொண்டுதான் போனான்.

வெளியே மண் குவியல் பக்கத்தில் என்னைப் பார்த்து நின்றான். நான் தாண்டிப் போகப் பார்த்தேன். "நேத்து உள்ள போனப்ப கொழா வாயில அந்தப் பீஸு வெச்ச தடம் வட்டமா கெடந்துச்சு அஞ்சலாட்சி," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயும் காசிலிங்கத்துக்கிட்ட சொல்லிடாத. அவரு தாங்க மாட்டாரு."

நவம்பர் 9, ஞாயிறு

தூங்கவில்லை. பழி வாங்கினேன் என்று நினைக்கக்கூட அவன் இடம் வைக்கவில்லை. நான் பறிக்க வேண்டியதை அவனே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பிச்சை போட்ட மாதிரி. அவன் நாசமாய்ப் போக.

நல்லவன் மாதிரி போகிறானே, மூன்று வருஷம் எங்கே போயிருந்தது இந்த நல்லதனம்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இந்த நோட்டில் பொய் இருக்கக்கூடாது என்று தொடங்கினேன். மூன்று வருஷம் முன்னால் அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஒன்றும் முடியாமல் இல்லை. நெய்வேலியிலிருந்து என் கூடப்பிறந்த அண்ணன் வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் இல்லையென்றால் அண்ணனுக்கு மரியாதையாக இருக்காது. உடம்பு சரியில்லை என்றால்தான் அவர் டிரையரை விட்டு வருவார், அதனால் அப்படிச் சொன்னேன். ஆனால் டேம்பரைத் திறந்தது நானில்லை. அது மணவாளன்தான். அவன்தான்.

நவம்பர் 10, திங்கள்

வாங்குகிறவர்கள் இருபது நாள் தவணை கொடுத்தார்கள். முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, உன் வீட்டுக்காரருக்குச் செய்தது பாவம், நாளைக்கே வரச் சொல், சூப்பர்வைசராகவே வரட்டும் என்றார்.

வீட்டில் சொன்னேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அப்புறம் வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கண்ணெல்லாம் தண்ணீர். மணவாளனா சொன்னான், அவன் வாயாலேயா சொன்னான் என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் ஆமாம் என்றேன்.

இன்றைக்கு ஒரு நாள் நான் இந்த ஊரிலேயே சந்தோஷமான பொம்பளை.

நவம்பர் 12, புதன்

அவர் வந்தார். சேருவதற்கு முன்னால் உடைந்ததைப் பார்க்க வேண்டும் என்றார். கம்பெனிக்குப் பின்னால் கொட்டிக் கிடந்தது. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து உடைந்த பக்கத்தைப் பார்த்தார். எந்த ரேக் பீஸ் எங்கே கொட்டியிருக்கிறது என்று சவரிமுத்து அண்ணனைக் கேட்டார். குழாய்ப் பக்கத்து ரேக் பீஸ்கள் முழுசாக இருந்தன. நடு ரேக்கில் ஒன்றுகூட முழுசாக இல்லை.

மணவாளன் சாம்பிளை மாற்றி வைத்ததால் எடை ஏமாற்றியது என்று அண்ணன் சொன்னார். அவர் தலையாட்டினார். அப்புறம் என்னிடம் கேட்டார்.

"ஏத்துறதுக்கு முன்ன யாரு கன்னத்துல வெச்சுப் பாத்தது?"

அண்ணன் முந்திக்கொண்டு, வேற யாரு, உம்ம சம்சாரந்தான் என்றார்.

அவர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். போட்டுவிடவில்லை, வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மழை வரும் போலிருக்கிறது, துணி காய்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

பேசவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பேசவில்லை. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணவாளன் வீட்டுப் பக்கம் போனதாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள். வந்து படுத்துவிட்டார். நானாகச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. உங்களுக்காகத்தானே செய்தேன் என்று தொடங்கலாம் என்று பார்த்தேன். தொடங்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

இன்று அவர் வேலையில் சேர்ந்தார். முதலாளியம்மா ஆபீஸ் வாசலிலேயே எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். புருஷன் சூப்பர்வைசர், பொண்டாட்டி டிரையர், இனிமேல் ஒரு பீஸ் உடையாது என்றார்.

அவர் லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"டிரையருக்கு வேற ஆளு குடுங்கம்மா."

ஏன், காசிலிங்கம், உன் சம்சாரம் நன்றாகத்தானே பார்க்கிறாள் என்று முதலாளியம்மா கேட்டார்.

"டிரையர்ல நிக்கிற ஆளு வார்த்தைய நம்பித்தான் சூளைய மூட்டணும். வேற ஆளு குடுங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதற்குமேல் சொல்லத் தெரியாது. நான் லட்டைத் தின்று முடித்துவிட்டுக் கை கழுவினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

எனக்கு இப்போது பளபளப்புப் பூச்சுத் தொட்டியில் வேலை. பீஸை முக்கி முக்கி எடுக்க வேண்டும். முதுகு வலிக்கிறது.

மணவாளன் இல்லை. அவர் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். நான் மூன்று வருஷமாகக் கேட்டது ஒன்று பாக்கியில்லாமல் கிடைத்துவிட்டது.

மத்தியானம் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு டிரையருக்குப் போனேன். உள்ளே நடு ரேக்கில் சாம்பிள் பீஸை வைத்துக்கொண்டிருந்தார். காலடி கேட்டுத் திரும்பினார். அவசரமில்லாமல் வந்து, நான் உள்ளே கால் வைக்குமுன் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார்.

"என்ன வேணும்?" என்றார், வேறு பிரிவு ஆள்கள் வந்தால் கேட்பது போல.

ஒன்றும் வேண்டாம் என்று தூக்கை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.